எட்டு பைட் நேரம்

மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகப்பட்டு, ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பிசிஎம்சிஐஏ வயர்லெஸ் அட்டையை இன்று பழைய சாமான்களின் பெட்டியில்தான் காண முடிகிறது. எனினும் அவ்வகை அட்டைகளோடு வேலை பார்த்தவர்களுக்கு, நெடுநேரம் ஓடிய பின் கையைச் சுடும் அதன் உலோகத் தகடும், பாக்கெட் வரும்போதெல்லாம் துடிக்கும் அதன் சின்னஞ்சிறு விளக்கும், அந்நாட்களில் ஓயாமல் எழுந்துகொண்டிருந்த ஒரு கேள்வியை நினைவுபடுத்தத் தவறுவதில்லை. காற்றில் வந்த பாக்கெட் உண்மையில் எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்பதே அக்கேள்வி.

பாக்கெட் பதிவு என்பது வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அது வந்த நேரத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வேலை. 1980களின் இறுதியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான டிசிபிடம்ப் என்னும் கருவியும், அதனோடு பிறந்த லிப்பிகேப் என்னும் நூலகமும் இந்த வேலைக்கு ஒரு பொதுவடிவத்தைத் தந்தன. அவ்வடிவத்தில் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் வினாடியும் மைக்ரோவினாடியும் குறிக்கப்படும். மைக்ரோவினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த நேரத்தைக் குறித்தது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. வலையட்டை ஒரு பாக்கெட்டை நினைவகத்தில் இறக்கிவிட்டு இன்டரப்ட் என்னும் அழைப்பை விடுக்கும். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அந்த அழைப்பைக் கவனிக்கும் கெர்னல், டிரைவர் என்னும் இயக்குநிரலை எழுப்பி, பாக்கெட்டை வாங்கி, அப்போதுதான் தன் கடிகாரத்தைப் பார்க்கும்.

ஆகவே கோப்பில் பதிவானது பாக்கெட் வந்த நேரமன்று, வந்த செய்தி கணினிக்கு எட்டிய நேரமே. பழைய தபால்களில் அனுப்பிய ஊரின் முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் தனித்தனியே விழுந்திருக்கும். பாக்கெட் பதிவில் இரண்டாவது முத்திரை மட்டுமே இருந்தது. கம்பிவழி வலையமைப்பில் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்தவேண்டிய தேவையும் அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை. ஆனால் கம்பியில்லா வலையமைப்பின் ஒழுங்குமுறை முழுவதும் மைக்ரோவினாடிகளின் மேல் கட்டப்பட்டது. 802.11பி என்னும் தரத்தின்படி ஒரு நிலையம் பாக்கெட்டைப் பெற்றதும், சரியாக 10 மைக்ரோவினாடி இடைவெளிவிட்டு, கிடைத்தது என்று ஒப்புதல் அனுப்பவேண்டும். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் மற்ற நிலையங்கள் 50 மைக்ரோவினாடி அமைதி நிலவியதை உறுதிசெய்த பின்பே, 20 மைக்ரோவினாடி அளவுள்ள கட்டங்களாக எண்ணிக்கொண்டு தங்கள் முறைக்கு வரவேண்டும். இந்த நடத்தையை ஆராய முனைந்தவருக்கு, நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடி முன்பின்னாக ஆடும் கெர்னல் நேரம் எவ்வகையிலும் உதவவில்லை.

அந்த ஆட்டம் எத்தகையது என்பதை ஒரே ஒரு பாக்கெட்டைக் கொண்டே காட்டலாம். 1,500 பைட் தகவலைச் சுமந்த பாக்கெட், தலைப்பகுதிகளும் பிழைகாணும் எண்ணும் சேர்ந்து 1,536 பைட் ஆகிறது. வினாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் அது காற்றில் 1,118 மைக்ரோவினாடி நீடிக்கும். அதன் பின் 10 மைக்ரோவினாடி இடைவெளி. அதன் பின், ஒப்புதல் சட்டகத்துக்கு (காற்றில் செல்லும் பாக்கெட்டைச் சட்டகம் என்பர்) முன்னோடியாக வரும் நீண்ட முகவுரைக்கு 192 மைக்ரோவினாடி. பாக்கெட்டின் முதல் பிட்டுக்கும் ஒப்புதலின் முதல் பிட்டுக்கும் இடையே 1,320 மைக்ரோவினாடி இருந்தே தீரவேண்டும். ஆனால் அக்காலப் பதிவுகளைத் திறந்தால் இவ்விரண்டும் பத்துப் பன்னிரண்டு மைக்ரோவினாடி இடைவெளியில் அடுத்தடுத்து வந்ததாகக் காட்டும், ஏனெனில் இரண்டையும் ஒரே இன்டரப்டில் கெர்னல் சேர்த்து வாங்கியிருக்கும். முகவுரைக்கே 192 மைக்ரோவினாடி தேவைப்படும் ஒரு சட்டகம் பன்னிரண்டில் வந்து முடிந்ததாகச் சொல்லும் கோப்பை வைத்துக்கொண்டு, குற்றம் அக்சஸ் பாயின்ட் என்னும் மைய நிலையத்தின் மேலா, நிலையத்தின் மேலா, பதிவு செய்த கணினியின் மேலா என்று மணிக்கணக்கில் வாதாடிய மாலைகளை அக்காலத்தவர் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் சரியான நேரம் அட்டையின் சில்லுக்குள்ளேயே இருந்தது. 1997இல் வெளிவந்த முதல் 802.11 தரமே ஒவ்வொரு நிலையத்திலும் 64 பிட் எண்ணி ஒன்று மைக்ரோவினாடிக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. நேர ஒத்திசைவுச் செயற்பாடு என்னும் பொருள்தரும் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை டிஎஸ்எஃப் என்பர். அக்சஸ் பாயின்ட் ஏறத்தாழ 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கன் என்னும் அறிவிப்புச் சட்டகத்தில் தன் எண்ணியின் மதிப்பை எழுதி அனுப்பும். அதைக் கேட்கும் நிலையங்கள் தம் எண்ணியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கும் நிலையங்கள் குறித்த கணத்தில் விழித்தெழவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. பாக்கெட் வரும் கணத்தில் அந்த எண்ணியின் மதிப்பைப் பெற்று, பாக்கெட்டோடு கூடவே டிஸ்கிரிப்டர் என்னும் குறிப்புப் பட்டையில் எழுதிவைக்கும் வழக்கமும் பல சில்லுகளுக்கு இருந்தது. டிரைவர் அதனைப் படித்துப் பார்க்காமலே அடுத்த பாக்கெட்டுக்கு இடம்விட்டது.

இந்த மதிப்பைப் பதிவில் சேர்க்க முதலில் முயன்றவற்றுள் லினக்ஸ் டபிள்யூலேன்-என்ஜி டிரைவரின் பிரிசம் தலைப்பகுதியைக் குறிப்பிடவேண்டும். இன்டர்சில் நிறுவனத்தின் பிரிசம் சில்லுகளுக்காக எழுதப்பட்ட அத்தலைப்பகுதி ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் 144 பைட் இடத்தை எடுத்துக்கொண்டது. ஒப்புதல் சட்டகமோ வெறும் 14 பைட். அதில் கணினியின் நேரமும் சில்லின் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தன. கணினியின் நேரம் ஜிஃபி கணக்கில் இருந்தது. அன்றைய லினக்ஸில் ஒரு ஜிஃபி 10 மில்லிவினாடி. அடுத்த கட்டத்தில் மைக்ரோவினாடிக் கணக்கில் சில்லின் நேரம். பத்தாயிரம் மடங்கு நுட்பம் வேறுபட்ட இரு கடிகாரங்களை ஒரே சுவரில் மாட்டிவைத்த அந்த அமைப்பைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சில்லின் நேரத்துக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால், ஏறத்தாழ 71 நிமிடம் 35 வினாடிக்கு ஒருமுறை அந்த எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். மேலும், ஒரு மதிப்பு உண்மையானது என்பதைக் குறிக்க 0 என்றும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்க 1 என்றும் எழுதும் தலைகீழ் வழக்கமும் அதில் இருந்தது. புதியவர்கள் அனைவரும் ஒருமுறையாவது அதில் இடறி விழுந்தனர்.

ரேடியோடாப் என்னும் வடிவம் இக்குழப்பத்துக்கு ஒரு முடிவைத் தந்தது. நெட்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக டேவிட் யங் வகுத்த அது விரைவிலேயே மற்ற பிஎஸ்டி குடும்பங்களுக்கும் லினக்ஸுக்கும் பரவியது. அதன் சிறப்பு, டிரைவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லலாம் என்பதே. முதல் எட்டு பைட்டில் பதிப்பு எண்ணும், ஒரு வெற்று பைட்டும், மொத்த நீளமும், 32 பிட் கொண்ட ஓர் அறிவிப்புச் சொல்லும் இருக்கும். அச்சொல்லில் எந்தப் பிட் 1 ஆக இருக்கிறதோ அதற்குரிய தகவல் பின்னால் வரும் என்று பொருள். அந்த வரிசையின் தலைமையிடம், அதாவது சுழியப் பிட், டிஎஸ்எஃப் நேரத்துக்கே அளிக்கப்பட்டது. சட்டகத்தின் முதல் பிட் வந்த கணத்தில் எண்ணி காட்டிய மதிப்பு, எட்டு பைட்டில், சிறிய இலக்கத்தை முன்வைக்கும் வரிசையில் எழுதப்படும். எட்டு பைட் எண் எட்டால் வகுபடும் இடத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது விதி. முதல் எட்டு பைட்டை அடுத்து உடனே வருவதால் வழக்கமாக இடைவெளி எதுவும் தேவைப்படாது. அறிவிப்புச் சொல் இரண்டானால் மட்டும் பன்னிரண்டாம் பைட்டிலிருந்து பதினாறாம் பைட்டுக்குத் தாவவேண்டும். இந்த நான்கு பைட் வெற்றிடத்தை மறந்து எழுதப்பட்ட ஆய்வுநிரல்கள், பாக்கெட்டுகள் எல்லாம் எதிர்காலத்தின் பல்லாயிரம் ஆண்டுகளில் சிதறிக் கிடப்பதாக அறிவித்ததுண்டு.

டிரைவரில் இந்த எட்டு பைட்டைச் சேர்ப்பதற்கான திருத்தம் பார்வைக்கு மிகச் சிறியது. பதிவுத் தலைப்பகுதியின் அமைப்பில் ஒரு புதிய உறுப்பு, அறிவிப்புச் சொல்லில் ஒரு பிட், பாக்கெட் வரும் இடத்தில் ஓர் ஒதுக்கீட்டு வரி, அவ்வளவே. கெர்னலை மறுபடி தொகுக்க ஆகும் நேரத்தில் ஒருவர் எழுந்துபோய்த் தேநீர் அருந்திவிட்டு வந்து, பிறகும் சிறிது நேரம் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்; அது அன்றைய வேலையின் தாளகதி. கடினம் அந்த ஒதுக்கீட்டு வரியின் வலப்பக்கத்தில் எதை எழுதுவது என்பதில் இருந்தது.

அக்காலத்தில் ஆய்வாளர்களுக்கு மிகவும் உகந்ததாக இருந்த ஏதரோஸ் சில்லுகளை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் டிஸ்கிரிப்டரில் முழு 64 பிட் நேரம் வரவில்லை. ஏஆர்5212 வகையில் கடைசி 15 பிட் மட்டுமே வந்தது, அதாவது 0 முதல் 32,767 வரையிலான ஓர் எண். எஞ்சிய மேற்பகுதியை டிரைவர்தான் ஊகிக்கவேண்டும். ஊகிக்கும் முறை எளிமையானது, அழகியதும்கூட. டிரைவர் பாக்கெட்டை வாங்கும்போது எண்ணியின் இப்போதைய முழு மதிப்பைப் படிக்கிறது; அது 10,00,000 என்று கொள்ளலாம். 32,768 மைக்ரோவினாடி கொண்ட சுற்றுகளாக அதைப் பிரித்தால் முப்பது சுற்று முடிந்து, முப்பத்தொன்றாம் சுற்றில் 16,960ஆம் இடத்தில் அது நிற்கிறது. பாக்கெட் கொண்டுவந்த எண் 16,700 என்றால் அது இதே சுற்றில், 260 மைக்ரோவினாடிக்கு முன் வந்தது. அந்த எண் 30,000 என்றால், இச்சுற்றில் 30,000 இன்னும் வரவே இல்லையாதலால், அது முந்தைய சுற்றைச் சேர்ந்தது. முழு நேரம் 9,80,272 ஆகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவரிலும் பின்னர் லினக்ஸின் ஏத்5கே டிரைவரிலும் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வரிகளில் அடங்கிவிட்டது.

ஆனால் இக்கணக்கின் கீழே ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. பாக்கெட் வந்து 32.768 மில்லிவினாடிக்குள் டிரைவர் அதைக் கையில் எடுத்துவிடவேண்டும். ஒரு சுற்றுத் தாமதித்தாலும் நேரம் சரியாக 32,768 மைக்ரோவினாடி பிசகிவிடும். எண்ணியை ஒருமுறை படித்துவிட்டு அதே மதிப்பைக்கொண்டு வரிசையிலுள்ள பல பாக்கெட்டுகளுக்கும் நேரம் கணித்தால் எதிர்ப்பிசகும் நேரலாம். எண்ணியைப் படித்த பின் வந்து வரிசையில் சேர்ந்த பாக்கெட், படித்த கணத்தை விடப் பெரிய எண்ணைச் சுமந்திருப்பதால், ஒரு சுற்று பின்னே தள்ளப்பட்டுவிடும். பிராட்காம் சில்லுகளுக்கான பி43 டிரைவரில் 16 பிட் கிடைத்ததால் இந்த அவகாசம் ஏறத்தாழ 65 மில்லிவினாடியாக இருந்தது. அதை எழுதியவர்கள் இந்த அனுமானத்தை நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதிவைத்தது பாராட்டத்தக்க ஒழுக்கம். பிற்கால ஏதரோஸ் சில்லுகள் 32 பிட் நேரம் தரத் தொடங்கிய பின் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்தது.

எண்ணியைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. 64 பிட் எண்ணி இரண்டு 32 பிட் ரெஜிஸ்டர்களாகப் பிரிந்திருக்கும். டிரைவர் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அவற்றைப் படிக்க முடியும், படிக்கும் நேரத்திலும் எண்ணி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மேற்பாதியைப் படித்துவிட்டுக் கீழ்ப்பாதியைப் படிப்பதற்குள் கீழ்ப்பாதி நிரம்பிச் சுழியமாகிவிட்டால், கிடைக்கும் எண் 4,295 வினாடி பின்னே போய்விடும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் பதிவில் மட்டுமே, அதுவும் அந்த ஒரு கணத்தில் பாக்கெட் வந்தால் மட்டுமே, இது தலைகாட்டும் என்பதால் இத்தகைய பிழைகள் பல வாரங்கள் கண்ணில் படாமல் வாழ்ந்தன. மேற்பாதி, கீழ்ப்பாதி, மறுபடி மேற்பாதி என்று படித்து, இரண்டு மேற்பாதிகளும் ஒத்துவரும்வரை திரும்பப் படிக்கும் முறையை ஏத்5கே டிரைவர் கைக்கொண்டது.

டிரைவர் தரும் நேரம் சரிதானா என்று சோதிக்க எந்த அளவுகருவியும் வாங்கத் தேவையிருக்கவில்லை, பீக்கன்களே போதுமானவையாக இருந்தன. ஒவ்வொரு பீக்கனிலும் அக்சஸ் பாயின்ட் எழுதி அனுப்பிய நேரம் உள்ளே இருக்கிறது. அதைப் பெற்ற சில்லின் நேரம் ரேடியோடாப்பில் வெளியே இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வந்த விடைகளை வரிசையாகப் புள்ளியிட்டால் ஒரு நேர்கோடு தோன்றவேண்டும். இரு கடிகாரங்களின் படிகங்களும் முற்றிலும் ஒன்றுபோல் இயங்குவதில்லையாதலால் அக்கோடு சற்றே சாய்ந்திருக்கும். பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு என்றால் ஒரு பீக்கனுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோவினாடி சாய்வு. இக்கட்டுரையாளர் பணிபுரிந்த இடத்தில் மூத்த பொறியாளர் ஒருவர், எவர் புதிய திருத்தத்தைக் கொண்டுவந்தாலும் நிரலைப் பார்க்குமுன் இந்தப் படத்தைத்தான் கேட்பார். அச்சிட்ட தாளின்மேல் ஓர் அடிக்கோலை வைத்துப் பார்ப்பார். புள்ளிகள் கோலின் விளிம்போடு ஒட்டிச் சென்றால் தலையசைப்பார். ரம்பப்பல்போல் 32,768 அளவில் ஏறி இறங்கினால் சுற்றுக் கணக்கு தவறு என்பார். மழைத்தூறலாய்ச் சிதறிக் கிடந்தால் கெர்னல் நேரத்தையே சில்லின் நேரம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். நிரலின் ஒரு வரியையும் படிக்காமல் அவர் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

அந்தக் கோடு நேராக வந்த பின்னும் அது சுழியத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கேள்வி எஞ்சும். ரேடியோடாப் கேட்பது சட்டகத்தின் முதல் பிட் வந்த கணம். பீக்கனில் எழுதப்படுவதோ அந்த நேரப் புலத்தின் முதல் பிட் புறப்படும் கணம். இடையில் 24 பைட் தலைப்பகுதி இருக்கிறது. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அது 192 மைக்ரோவினாடி, 6 மெகாபிட் வேகத்தில் 32. இதைக் கூட்டிக்கொள்ளாமல் ஒப்பிட்டால் இரு எண்ணிகளும் ஒத்திருக்கும்போதும் ஒவ்வாதவைபோல் தோன்றும். இது பதிவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அக்சஸ் பாயின்ட் இன்றி நிலையங்கள் தாமே கூடி அமைக்கும் தற்காலிக வலையமைப்புகளில், ஒரே பெயர்கொண்ட இரு குழுக்கள் சந்தித்தால் முதிர்ந்த எண்ணியை உடைய குழுவோடு மற்றது இணையவேண்டும் என்பது விதியாதலால், எது முதிர்ந்தது என்று தீர்மானிக்க டிரைவருக்கே இந்தத் துல்லியம் தேவைப்பட்டது.

நிரலை எழுதுவதைவிட நீண்டு நடந்தது, சட்டகத்தின் எந்தக் கணத்தைக் குறிப்பது என்னும் விவாதம். சில சில்லுகள் சட்டகத்தின் தொடக்கத்தில் நேரத்தைப் பிடித்தன, சில அது முடிந்த பின் பிடித்தன, வேறு சில முகவுரையின் தொடக்கத்தையே கணக்கில் கொண்டன. முடிவைத் தொடக்கமாக மாற்றவேண்டுமானால் சட்டகத்தின் நீளத்தையும் வேகத்தையும் கொண்டு அது காற்றில் நீடித்த நேரத்தைக் கணித்துக் கழிக்கவேண்டும். 2007இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்ற மேக்80211 என்னும் பொது அடுக்கு தொடக்கத்தில் ஒரே கொடியைத்தான் வைத்திருந்தது, அதாவது நேரம் உண்டு அல்லது இல்லை. பின்னர் அது தொடக்கம், முடிவு எனப் பிரிந்தது. கழிக்கும் கணக்கையும் அந்த அடுக்கே ஏற்றுக்கொண்டது. டிரைவர் எழுதுவோர் தம் சில்லின் இயல்பை உள்ளபடி அறிவித்தால் போதும் என்ற இந்த ஏற்பாடு, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி கழித்துக்கொண்டிருந்த முந்தைய நிலையைவிடப் பெரிதும் மேலானது.

இந்த எட்டு பைட்டின் பயன் டிரைவர் எழுதுவோரின் மேசையோடு நின்றுவிடவில்லை. 2006இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரு கட்டடம் முழுவதும் 150க்கும் மேற்பட்ட வானொலிக் கேட்பான்களைப் பொருத்தி, ஒவ்வொன்றும் தனித்தனியே செய்த பதிவுகளை ஒரே காலக்கோட்டில் இணைத்துக் காட்டினர். ஜிக்சா எனப் பெயரிடப்பட்ட அந்த முயற்சியில், பல கேட்பான்களுக்கும் பொதுவாகக் கேட்ட சட்டகங்களை நங்கூரமாகக் கொண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. சில்லின் மைக்ரோவினாடி நேரம் இல்லாமல் அது இயன்றிருக்காது. 2008இல் வேறு இரு ஆய்வாளர்கள், பீக்கன் நேரக்கோட்டின் சாய்வு ஒவ்வோர் அக்சஸ் பாயின்டுக்கும் வேறுபடுவதைக்கொண்டு, பெயரையும் முகவரியையும் திருடி வேடமிட்டு நிற்கும் போலிகளை அடையாளம் காணும் முறையை வெளியிட்டனர். அடிக்கோலைச் சற்றுச் சாய்த்து வைக்கவேண்டியிருந்ததே என்று அன்று தொந்தரவாக எண்ணப்பட்ட சாய்வு அங்கே கைரேகையாகப் பயன்பட்டது.

2009இல் முழுமைபெற்ற 802.11என் தரத்தோடு பல சட்டகங்களை ஒரே முகவுரையின் கீழ்க் கோத்து அனுப்பும் முறை பரவியபோது, முதல் பிட் என்பது கோவையின் முதல் பிட்டா, ஒவ்வொரு சட்டகத்தின் முதல் பிட்டா என்ற பழைய விவாதம் புதுவடிவில் எழுந்தது. ரேடியோடாப்பில் பின்னர் சேர்க்கப்பட்ட 22ஆம் பிட்டுக்குரிய புலம் அதற்கு இடமளிக்கிறது. 12 பைட் கொண்ட அப்புலத்தில் 64 பிட் நேரத்தோடு, அதன் அலகு மில்லிவினாடியா, மைக்ரோவினாடியா, நானோவினாடியா என்பதும், அதன் துல்லியம் எவ்வளவு என்பதும், அது சட்டகத்தின் எந்த இடத்தில் பிடிக்கப்பட்டது என்பதும் சேர்த்தே எழுதப்படுகின்றன. பிடித்த இடத்தைக் குறிக்கும் நான்கு பிட்டில் 0 என்றால் சட்டகத்தின் முதல் பிட், 1 என்றால் முகவுரையின் தொடக்கம், 2, 3 என்றால் முடிவுகள். இன்ன இடத்தில் பிடிக்கப்பட்டது என்று டிரைவருக்கே தெரியாதபோது எழுதுவதற்கென்று 15 என்னும் எண் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது.